ரிஜெக்ட் ஆன பலகைகள்

ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் வராவிட்டால் போகட்டும், தன் வீட்டு மாடியறைக்கு ரயில் வந்தே தீரும் என்று அப்பாவு முடிவு கட்டினார்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எதையும் வேண்டாம் என்று தள்ளுவதில் மன்னன். படப்பையில் வீடு கட்டி மூன்று வருஷமாக மனைவி முத்துச்செல்வி கெஞ்சும் சமையலறை அலமாரியைக்கூட 'தண்டச் செலவு' என்று தள்ளியவர்.

உள்ளங்கை நீள இன்ஜின், நாலு பெட்டி, தண்டவாளம் எல்லாம் வந்துவிட்டன. அதைப் பதிக்கப் பலகைதான் பாக்கி.

முதலில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வந்தது.

"கண்ணாடியாட்டம் கீதுங்க!" என்றாள் முத்துச்செல்வி.

அப்பாவு உதட்டைப் பிதுக்கினார். "உனக்குப் புடிச்சுதுன்னாலே அதுல கோளாறு இருக்குன்னு அர்த்தம். மழைக்காலத்துல அப்பளமா ஊதிக்கும். ரிஜெக்ட்!"

அடுத்தது பிளைவுட்.

"யானை ஏறினாலும் தாங்கும்ங்க."

"தாங்கும். சத்தம்? மேல ரயில் ஓடினா தகரக் கொட்டாயில ஆலங்கட்டி மழை பேஞ்சாப்ல இருக்கும். உனக்கு இன்னா தெரியும்? ரிஜெக்ட்!"

மூன்றாவது பி.வி.சி. பலகை.

"தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதாமே! இதையே வெச்சுக்குங்க."

"ஆணி அடிச்சா நிக்காது. இதெல்லாம் ஒரு பலகையா? ரிஜெக்ட்!"

கடைக்காரர் எதையும் திருப்பி எடுக்கவில்லை. மூன்றும் சுவரில் சாய்ந்து கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடிந்து சாயங்காலம் வந்தார். ஆசாரி பிச்சையா பையோடு வாசலில் எதிர்ப்பட்டார்.

"இன்னா சார், ரயில் வுடறேன்னீங்க. இன்னும் ரீல்தான் வுட்டுகினு கீறீங்களா?"

அப்பாவு உள்ளே ஓடினார். சமையலறையில் பளபளவென்று அலமாரி! கதவு மரத்தூள் பலகை. தட்டு பிளைவுட். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பி.வி.சி.

"யாரைக் கேட்டுடி அறுத்தே?"

"நீங்கதான் வேணாம்னு தள்ளிட்டீங்களே."

"மூணும் நல்லாருக்குன்னு நீதானே சொன்னே?"

"நல்லாருக்குன்னு சொன்னாதானே நீங்க தள்ளுவீங்க?"

பழக்க தோஷம், அப்பாவு கதவை இழுத்தார். தட்டைத் தட்டினார். ரசமட்டம் வைத்துச் சாய்வு இருக்கிறதா என்று பார்த்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல்முறையாக ஒரு குறையும் அகப்படவில்லை.

முத்துச்செல்வி காபியை நீட்டினாள்.

"செருப்பு ஸ்டாண்டுக்கு இன்னும் ஒரு பலகை வேணும்ங்க. அடுத்து எதுல ரயில் வுடப் போறீங்க?"