டயர் ஐயா

"அந்த டயர் கிடைக்கிற வரைக்கும் வண்டி இந்த ஹாலை விட்டு நகராது" என்று அப்பா சபதம் போட்டார். நகராதுதான். ரெண்டு சக்கரத்திலும் டயரே இல்லை, எப்படி நகரும்?

நான் பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன். என் கட்டில் போட வேண்டிய இடத்தில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நான் சமையலறை வாசலில் பாய் போட்டுப் படுக்கிறேன். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் என்னை மிதித்துவிட்டுத்தான் குடிக்கிறார்கள்.

வண்டியை அப்பாவே கட்டினார். ஒரு வண்டியின் சட்டம், இன்னொன்றின் எஞ்சின், எங்கிருந்தோ ஒரு டேங்க். பொய் சொல்லக் கூடாது, அழகான வண்டி. ஆனால் அதற்குப் பழைய காலத்துக் கட்டம் போட்ட டயர்தான் வேண்டுமாம். கம்பெனி அதை நிறுத்தியபோது நான் பிறக்கவே இல்லை.

"புது டயர் போட்டா ஓடாதா?" என்றாள் அம்மா.

"ஓடும்."

"அப்புறம் என்ன?"

"பாக்க நல்லாருக்காது."

"இப்ப என் ஹாலு மட்டும் பாக்க நல்லாவா இருக்கு?"

அப்பாவுக்கு லிப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் எந்தக் கதவு மாட்டிக்கொண்டாலும் ஓடுவார். எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு மூடாது. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுதான் எங்களுக்குத் தாழ்ப்பாள்.

லீவு நாளெல்லாம் அப்பா டயர் தேடினார். மெக்கானிக்குகள், பழைய சாமான் கடைகள், ஒரு இடம் பாக்கியில்லை. எல்லாரும் "இருந்துச்சு, போச்சு" என்றார்கள். பழைய வண்டிப் பைத்தியங்கள் இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லும். அப்பாவே ஒரு ஹெட்லைட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்.

அப்போதுதான் அப்பா போனில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை, டயர் படம் மட்டும். "என்னிடம் இரண்டும் இருக்கின்றன. பணம் வேண்டாம். ஆனால் கண்ட இடத்துக்குத் தரமாட்டேன்."

"கொள்கை உள்ள மனுஷன்" என்றார் அப்பா. அன்றிலிருந்து அவர் 'ஐயா' ஆனார்.

ரப்பர் காய்ந்திருக்குமோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். நகத்தால் அழுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்தது.

"பாரு, பஞ்சு மாதிரி அமுங்குது."

அப்பா ரப்பரைப் பார்த்தார். நான் நகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த ஊதா நெயில்பாலிஷ், நான் அம்மாவுக்குப் போட்டுவிட்டது.

நேரே போய் அம்மாவைப் பிடித்தேன். "டயர் எங்கம்மா கிடைச்சுது?"

"மெதுவா பேசுடி. சித்தி வீட்டுல இருக்கு. உங்கப்பா ஆம்பளைங்ககிட்ட கேட்டாரு. நான் அவங்க பொண்டாட்டிங்ககிட்ட கேட்டேன். குண்டு மெக்கானிக் சம்சாரம் பரண்லேருந்து அவளே தள்ளிவிட்டா. இன்னும் என்னல்லாம் எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டா."

எனக்கு ஹாலில் கட்டில் போட்டுத் தருவதாகச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஐயா எழுதினார்: "வண்டி வீட்டுக்குள் நிற்கக் கூடாது. பெட்ரோல் வாடை ரப்பருக்கு ஆகாது." அம்மா இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஐயா ஒரு தரம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் அப்பாவும் வண்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். சபதத்தைப் பற்றி அப்பா பேசவே இல்லை.

அடுத்து ஐயா ஹால் சுவர் படம் கேட்டார். அப்பா வெள்ளையடித்தார். சமையலறைக் குழாய் படம் கேட்டார். குழாய் ஒழுகுவது நின்றது. பிறகு பாத்ரூம் கதவு.

"டயருக்கும் பாத்ரூம் கதவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பாவே முணுமுணுத்தார். அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "உள்ள போய் கதவை நல்லா இழுத்துப் புடி. சத்தம் வரக் கூடாது." பிடித்தேன். படம் போனது.

"நாளை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன்" என்றார் ஐயா.

மறுநாள் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். ஐயா உட்கார நாற்காலியை ரெண்டு தடவை துடைத்தார். மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம். ஒற்றை டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா ஏறி வந்தாள். டயரை அப்பா கையில் கொடுத்துவிட்டு ஐயாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா டயரைப் பார்த்தார். அம்மாவின் நகத்தைப் பார்த்தார். புதுச் சுவரைப் பார்த்தார்.

கடைசியில், "ஐயா, இது முன் டயர்தானே, பின் டயர் எங்கே?" என்றார்.

"நம்ம பொண்ணு உள்ள நின்னு புடிக்காம பாத்ரூம் கதவு படம் ஒண்ணு அனுப்புங்க. வரும்."