ஜாஸ் டிரம்முக்கு முதல்தரத் தோல்

சந்தேகப்படுகிறவன்தான் புத்திசாலி என்று இருபத்திரண்டு வயதில் நம்பினேன். பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து, "ஆதாரம் எங்கே?" என்று நிருபர்களை விரட்டியவனும் நான்தான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு டிரம் சரியாகச் சத்தம் போடவில்லை என்பதற்காக ஊரில் எனக்கிருந்த ஒரே தோஸ்தைத் திருடனைப் போலச் சோதனை போட்டவனும் நான்தான்.

முப்பதுகளின் தொடக்கம். ஜோலார்பேட்டையில் ஆங்கிலோ-இந்திய ரயில்வேக்காரர்களின் விருந்தில் ஜாஸ் கேட்டேன் (ஜன்னலுக்கு வெளியே நின்றுதான், உள்ளே யார் விட்டார்கள்?). மறுவாரமே பேண்ட் தொடங்கிவிட்டேன். நான் கிளாரினெட். மாதா கோயிலில் வாசித்துப் பழகிய டேவிட், கார்னெட் என்கிற பித்தளைக் குழல். டேனரி ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட யூசுப் டிரம். தலைவன் பதவியை நான் கேட்காமலே எனக்கு விட்டுக்கொடுத்தவன் அவன். ஏன் விட்டுக்கொடுத்தான் என்று அப்போதே யோசித்தேன்.

டிரம் பழையது, தோல் கிழிந்திருந்தது. தோல் ஊரில் இருந்துகொண்டு தோலுக்கு அலைவதா? ஏற்றுமதிக்குப் பிரித்துவைத்த மேஜையில் நானே தேடி, முதலாளியின் அனுமதியோடு, ஆவாரம்பட்டையில் ஊறி எண்ணெய் குடித்து மெருகேறிய முதல்தர ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்துவந்து இழுத்துக் கட்டினேன். தொட்டால் குழந்தையின் கன்னம். அடித்தால் தலையணை.

"கையில தெம்பு இல்லையா?" என்றேன்.

"அடிக்கிறேனே. இன்னும் ஜாஸ்தி அடிச்சா குச்சிதான் ஒடையும்," என்றான் யூசுப்.

ரகசியமாக ஒரு நோட்டுப் போட்டேன். திங்கள்: யூசுப் சீக்கிரம் வந்தான். செவ்வாய்: டேவிட்டைப் பார்த்துச் சிரித்தான். புதன்: சட்டைப் பை இரண்டும் புடைத்திருந்தன. வியாழக்கிழமைக்குள் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. சத்தத்தை அடக்க டிரம்முக்குள் எதையோ திணிக்கிறான். என்னைக் கவிழ்த்துவிட்டு டேவிட்டோடு தனி பேண்ட் தொடங்கப் போகிறான்.

சனிக்கிழமை மாலை, சீமையிலிருந்து வந்த தோல் வியாபாரிக்கு முதலாளி தேநீர் விருந்து கொடுத்தார். எங்கள் முதல் கச்சேரி. தோல் காயப்போடும் முற்றத்தில் மொத்த டேனரியும் கூடியிருந்தது. முதல் பாட்டு தொடங்கியதுமே டிரம் 'தொப்' என்றது. நான் கிளாரினெட்டை இறக்கினேன்.

"யூசுப், பையில இருக்கிறதை எடு."

"இங்கயா?"

"இங்கதான்."

யூசுப் எழுந்து நின்றான். வலது பையைத் திருப்பினான்: வேர்க்கடலை. இடது பையில் உருது எழுத்தில் ஒரு காகிதம்.

"இது இன்னா?"

"தாளம். மறந்துடுவேன்னு எழுதி வெச்சேன்."

"படி." (இப்படியும் ஒருவன் கேட்பானா? கேட்டேன்.)

"டும், டும். ஒண்ணு விட்டு, டும்," என்று அத்தனை பேர் முன்னாலும் படித்தான்.

சுண்ணாம்புத் தொட்டியில் வேலைபார்க்கும் முனியம்மா அருகில் வந்து டிரம்மை ஒரு விரலால் அழுத்தினாள்.

"பதம் போட்ட தோல்ல எங்க கிளார்க்கய்யா சத்தம் வரும்? மயிரெடுத்த பச்சைத்தோலக் காயவெச்சுக் கட்டணும். இது பூட்ஸுக்குப் போறது."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலயே. தொரைங்க மேளம் இப்படித்தான் மெதுவாப் பேசும்னு நெனச்சேன்."

சீமைக்காரரும் தடவிப் பார்த்தார். இதே தரத்தில் இன்னும் கிடைக்குமா என்று முதலாளியிடம் விசாரித்தார். அந்த மாலையில் ஜெயித்தது தோல் மட்டும்தான். யூசுப் குச்சிகளை டிரம்மின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எட்டு மாதம் பேச்சில்லை. மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் அவன் இல்லை என்றார்கள்.

வேலூரில் என் கல்யாணம். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். பந்தல் வாசலில், என் மாமியாருக்கு எதிரே நின்று, இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான்.

"இப்ப உள்ள வரலாமா?" என்று என்னைக் கேட்டான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

அன்று முதல் எங்கள் வீட்டுப் படியேறும்போதெல்லாம் அவனுக்கு அதே வேலை. எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. "பழகிப்போச்சு, வுடு," என்பான்.

எங்களோடு வந்து தங்கியிருந்த என் மாமியாரோ, சாயபுமார் வீடுகளில் அதுதான் மரியாதை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. ஒருநாள் டேனரி முதலாளி சாயபுவே பழக்கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியார் வாசலை மறித்து நின்று அவருடைய பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சலாம் சொல்லி, சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்து நடந்ததை என் மனைவி இன்றும் வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறாள்.

"பெரிய மனுஷர்னீங்க. பையக் காட்டாமலே உள்ள வந்துட்டாரே," என்ற மாமியார், நேரே சமையலறைக்குப் போய் வெள்ளி டம்ளர்களை எண்ண ஆரம்பித்தார்.