வெ., கருமத்தம்பட்டி

கருமத்தம்பட்டி
10-7-1997

வார இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, கருமத்தம்பட்டி விசைத்தறி வெங்கடபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு மழை பரவாயில்லை, நூல் விலைதான் சரியில்லை. தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குத் தாங்கள்தான் காரணம்.

என் பெயரை மறைத்துவிட்டு என்னை அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். இதுதான் தாங்கள் எனக்குச் செய்த தீங்கு.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். மீதிப் படிப்பெல்லாம் தங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை படித்துச் சேர்த்தது. அந்த நம்பிக்கையில்தான் ‘உடம்பு சொன்னால் கேளுங்கள்’ பகுதி டாக்டருக்கு ஒரு கேள்வி எழுதினேன். ஆறு வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு டாக்டர் என் நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, முடிந்ததும் வரச் சொன்னார். தறியை விட்டுவிட்டு யார் போவது? மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டேன். நிறுத்திப் பார்த்தால் மூன்றாம் நாள் நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள். ஆவணியில் என் பேத்தி லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். அதற்குள் மாத்திரையை விட்டொழித்து, முதல் பந்தியில் முழு இலை சாப்பிட வேண்டும், வழி என்ன என்று கேட்டேன். பெயர் வேண்டாம் என்று அடிக்கோடு போட்டும் எழுதியிருந்தேன்.

‘வெ., கருமத்தம்பட்டி’ என்று போட்டீர்கள். சரி, எங்கள் ஊரில் வெள்ளியங்கிரியும் இருக்கிறார், அவர் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அதன் கீழேயே வயது அறுபத்தாறு, விசைத்தறி, அகலமான பச்சை பெல்ட், தினமும் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மிளகாய் பஜ்ஜி, ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டவுடன் படுக்கை, பிடிவாதக்காரன் என்று மனைவி சொல்கிறாள் என்பது வரை ஒன்று விடாமல் போட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் என் போட்டோவைப் போட்டிருக்கலாம். அதில் பாதிப் பேருக்காவது அடையாளம் தெரிந்திருக்காது.

டாக்டர் பதிலைக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் இத்தனை நாள் அடங்கிக் கிடந்த அமிலம் கொஞ்ச நாள் கூடுதலாகச் சுரக்கும், அதனால் உள்ளூர் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து வாருங்கள், பஜ்ஜி வேண்டாம், பொழுதோடு சாப்பிடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள் என்றார். நல்ல பதில்தான். அதை எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் படித்துவிட்டு என் இஷ்டப்படி இருந்திருப்பேன். ஊருக்கே போட்டதால் ஊரே என்னை நடத்துகிறது.

இதழ் வந்த அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போகிறேன், ரசாக் பாய் பஜ்ஜித் தட்டைத் துணி போட்டு மூடுகிறார். “ஏனுங் மொதலாளி, பத்திரிகைல வந்துட்டீங்களாட்ட இருக்குது?” என்றார். அது வெள்ளியங்கிரி என்றேன். “அவரு எந்தக் காலத்துலீங்க பெல்ட் கட்டுனாரு? கோவணம் நிக்கறதே பெரிசுங்க” என்று சொல்லிவிட்டு ஆறிய பால் ஒரு டம்ளர் வைத்தார். பணம் கொடுத்துத்தானே கேட்கிறேன் என்றேன். “பணம் நீங்க குடுப்பீங்க. ராத்திரி உங்களுக்கு எரிஞ்சா, காலைல ராசாத்தாக்கா எங்கிட்டயல்ல வந்து நிப்பாங்க?” என்றார். ராசாத்தாள் என் மனைவி. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

அங்கிருந்து மருந்துக்கடை கதிர்வேலிடம் போனால், “நேத்துப் போட்டுட்டீங்கல்லங்க? இன்னிக்கு உங்களுக்கு லீவு” என்று மாத்திரை கொடுக்க மறுத்துவிட்டான். என் வயிற்றுக்கு லீவு விட இவன் யார் என்று அந்தக் கோபத்திலேயே சூலூர் பஸ் ஏறினேன். அங்கே யாருக்கு என்னைத் தெரியும்? மருந்துக்கடைக்காரர் தன்மையாகத்தான் கேட்டார், “எந்த ஊருங்க?” என்று. வாய் பழக்கதோஷத்தில் கருமத்தம்பட்டி என்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். “வெ.வுங்களா?” என்றார். அதிலிருந்து ஊரில் சின்னப் பிள்ளைகள் கூட என்னை ‘வெ. தாத்தா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். கோழி கூண்டுக்குள் போகும்போது எனக்கும் சோறு. கட்டிலைத் திருப்பிப் போட்டு ஒரு பக்கத்துக் கால்களுக்கடியில் செங்கல் வைத்தோம். வைத்து முடித்த பிறகு ராசாத்தாள் பார்த்தாள், உயர்ந்த பக்கம் வடக்கு. “வடக்கால தல வெச்சுப் படுத்தா ஊடு வெளங்குமாங்க?” என்று தலையணையைத் தூக்கித் தெற்கே போட்டாள். செங்கல் வடக்கேயே இருந்தது. ஒரு வாரம் படுத்தேன் ஐயா. காலெல்லாம் மேலே, நான் கீழே, குடித்த ரசம் தொண்டைக்கு வந்து நிற்கிறது. டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று கதிர்வேலைக் கூட்டி வந்து காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் தறி நின்றுவிட்டது. “இது கால் வீங்குனவங்களுக்கு வெக்கறதுங்க!” என்கிறான். தலைமாடு என்று எழுதினால் தலை எங்கே இருக்கிறதோ அது தலைமாடா, செங்கல் எங்கே இருக்கிறதோ அது தலைமாடா என்று எழுத வேண்டாமா?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிறு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கல்யாணச் சாப்பாடு பேசுவதற்கு ஈரோட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா பாலகோபால், மஞ்சள் மண்டிக்காரர், மரியாதை தெரிந்தவர், வாசலுக்கே வந்து வணக்கம் சொன்னார். நானும் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டேன். அதுதான் தப்பாகிவிட்டது. தங்கள் டாக்டர் தளர்த்தச் சொன்ன பெல்ட் வேட்டியையும் கூட்டிக்கொண்டு இறங்கியது. சம்பந்தியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலகோபால் அதைக் கவனிக்காதவர் போல என்னை உட்காரவைத்து, “சங்கடப்படாதீங் மாமா, நாங்களும் பத்திரிகை படிச்சமுங்க. கல்யாணத்தன்னைக்கு உங்களுக்குன்னு தனியா உள் ரூம்புல ஒரு எலை போடச் சொல்லிட்டேன். காரமில்லாத ரசஞ்சோறு, மோரு. யாரு கண்ணும் படாதுங்க” என்றார். அவர் மரியாதையாகச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. அதற்கு மாத்திரை கிடையாது. என் பேத்தி கல்யாணத்தில் ஊரெல்லாம் பந்தியில் உட்காரும், நான் பிள்ளை பெற்றவள் மாதிரி உள்ளே உட்கார்ந்து பத்தியச் சோறு சாப்பிட வேண்டுமா?

ஆகவே செய்ய வேண்டியது என்னவென்றால், தாங்கள் அடுத்த இதழிலேயே ‘வெ., கருமத்தம்பட்டி’ என்பது அச்சுப்பிழை என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். டாக்டர் தலைமாடு எது என்று படம் வரைந்து விளக்க வேண்டும். பெல்ட்டைப் பற்றி எழுதும்போது அரைஞாண் கயிற்றைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ரசாக் பாய் பஜ்ஜித் தட்டின் மேல் இருக்கும் துணியை எடுக்க வேண்டும். கதிர்வேல் எனக்கு லீவு விடுவதை நிறுத்த வேண்டும். வெள்ளியங்கிரி ஒரே ஒரு நாள் பச்சை பெல்ட் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். பாலகோபால் என் இலையை முதல் பந்தியில், அவருக்குப் பக்கத்தில் போட வேண்டும். ராசாத்தாள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. சொன்னாலும் செய்ய மாட்டாள்.

தங்கள் இதழும் தங்கள் குடும்பமும் வயிறு குளிர வாழ வேண்டும் என்று கருமத்தம்பட்டியிலிருந்து வாழ்த்தும்,

வெங்கடபதி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். செங்கல்லைத் தெற்கே மாற்றிய பிறகு, லீவு நாளில்கூட நெஞ்சு எரியவில்லை. உள்ளூர் டாக்டர், இனி அந்த மாத்திரையே வேண்டாம் என்று நேற்றுச் சொல்லிவிட்டார். ஆகையால் அச்சுப்பிழை என்று தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். போட்டால் ரசாக் பாய் துணியை எடுத்துவிடுவார், என் கை சும்மா இருக்காது. ஆனால் டாக்டரிடம் இன்னொரு கேள்வி: முகூர்த்தத்தன்று காலையில் ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு முழு இலை சாப்பிடலாமா? பதிலைக் கல்யாணத்துக்கு முன்பே போடவும். இந்த முறை என் பெயர், ஊர் எதுவும் கண்டிப்பாக வேண்டாம். ‘பா., ஈரோடு, மஞ்சள் மண்டி’ என்று போட்டால் போதும்.