சீ என்றால் பார் அல்ல, மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை முழங்கால் வலியைத் தவிர நலம். நானும் வேலை போனதைத் தவிர நலம்.

வேலை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். தங்களால் போனது. இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆகையால் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்த விடுதி கை மாறியதும், புது முதலாளிக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பதும் தங்களுக்குத் தெரியும். இதுவரை வரவேற்பறைப் பெண் நடுவில் நின்று அவர் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கே தங்களுக்குப் போன் செய்து, கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர் ஆயிற்றே, அவசரத்துக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். தாங்கள் வகுப்புக்குப் போகிற வேகத்தில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “மாமா, ஒண்ணும் கஷ்டமில்ல. அடிக்கடி வர்ற வார்த்தை சீ. சீ-ன்னா பாரு. அவ்ளோதான். இத வச்சே பாதி நாளை ஓட்டிடலாம்.” பாதி நாள் ஓடியது உண்மைதான். மீதி நாளில் நானே ஓடிவிட்டேன்.

முதல் தொல்லை வீட்டிலேயே ஆரம்பமானது. சாப்பிட உட்கார்ந்தவன் சும்மா இருக்காமல் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சீ, சீ என்று இரண்டு தடவை சொல்லியிருப்பேன். உங்கள் அத்தை தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். “பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, எதுக்கு சோத்தப் பாத்து சீங்கிறீங்க?” இது ஆங்கிலம், மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது என்றேன். மாப்பிள்ளை அப்படியெல்லாம் பேச மாட்டார் என்று சொல்லிவிட்டாள். தங்கள் பேரில் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை என் பேரில் என்றைக்குமே இருந்ததில்லை.

மறுநாள் ஏழாம் அறையில் வெந்நீர் வரவில்லை. முதலாளியின் அறைக்குப் போய், தெரிந்த வார்த்தை பாதி, கை ஜாடை பாதியாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, “ஐ சீ” என்றார். பணிவாக ஒரு விஷயம் சொன்னவனைப் பார்த்துச் சீ என்கிறாரே என்று ஒரு கணம் சுருக்கென்றது. பிறகு தங்கள் பாடம் நினைவுக்கு வந்தது. பார்க்கிறாராம். எதைப் பார்க்கிறார்? வெந்நீர்க் குழாய் மாடியில் இருக்கிறது, அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நானும் சுவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபடி, “ஐ சீ, ஐ சீ” என்றார். சுவரில் ஒரு பல்லிகூட இல்லை.

ஒரு மாதம் இப்படியே ஓடிய பிறகு நாலாம் அறைக்கு ஒரு பெரியவர் வந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சீ டு தி கெஸ்ட் இன் ரூம் ஃபோர்” என்றார். நாலாம் அறை ஆளைப் பார். இது எனக்கு நன்றாகவே விளங்கியது. இத்தனை வருஷமாக விடுதி மேற்பார்வை செய்கிறவன் நான், ஒரு ஆளைக் குறிப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் அந்த ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் நீட்டி எனக்கு ஏதாவது வேண்டுமா என்பதுபோல் கையைக் காட்டினார். “நோ சார். ஐ சீ யூ” என்றேன். கடைத்தெருவுக்குப் போனார், பின்னாலேயே போனேன். செருப்புக் கடையில் அவர் செருப்புப் போட்டுப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மூன்று நாள் இப்படியே போயிற்று. சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை.

அவர் கிளம்புகிற காலையில் முதலாளி, “சீ ஹிம் ஆஃப்” என்றார். மாப்பிள்ளை, சீ தாங்கள் சொல்லிக்கொடுத்தது, ஆஃப் மின்பலகையில் எழுதியிருப்பது. பார்த்து அணைத்துவிடு. ஆள் காலி செய்கிறார், மின்சாரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நாலாம் அறையின் மெயின் சுவிட்சை அணைத்தேன். பெரியவர் உள்ளே மின்சார ரேசரால் முகம் மழித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கதவு மூடியிருந்தது, கதவுக்குள் பார்ப்பதற்குத் தாங்கள் சொல் எதுவும் தரவில்லை. கார் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது, மனிதர் ஒரு கன்னம் பளபளவென்றும் மறு கன்னத்தில் வெள்ளைத் தாடியுமாக இறங்கி வருகிறார். கையைக் கூப்பி, “சீ யூ” என்று வழியனுப்பினேன். அது மட்டும் சரியான ஆங்கிலம் என்று பிறகு தெரிந்தது.

காரை அனுப்பிவிட்டு முதலாளி என்னை உள்ளே அழைத்தார். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. தோளில் தட்டினார். அடிப்பதற்கு முன்னால் தூரம் பார்ப்பதுபோல் இருந்தது. அப்புறம் நிதானமாக, “ஐ வில் சீ தட் யூ ஆர் லுக்ட் ஆஃப்டர்” என்றார். இதை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். சீ என்றால் பார். லுக் என்றாலும் பார் என்று என் மகள் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆஃப்டர் என்றால் அப்புறம். கூட்டிப் பாருங்கள் மாப்பிள்ளை. “அப்புறம் உன்னைப் பாத்துக்கறேன்.” நம் ஊரிலே ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து இப்படிச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? நான் ஒரு மிரட்டலுக்குப் பணிகிறவன் இல்லை. சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். “ஐ ஆல்சோ சீ” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் ராஜாவாக இருந்தேன். மூன்றாம் நாள் வரவேற்பறைப் பெண் கைக்குழந்தையோடு எங்கள் மாடி வீட்டுக்கு ஏறி வந்தாள். குழந்தையைக் காட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “என்ன அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க? அவர் மிரட்டல. உங்களுக்கு ஒரு குறையும் இல்லாம பாத்துக்குறேன்னு சொல்லியிருக்கார். அந்தப் பெரியவர் அவரோட வாத்தியாராம். இதயத்துல ஆபரேஷன் ஆகி, தனியா தங்கவே பயமாம். கவனிச்சுக்கச் சொன்னதுக்கு, எப்பக் கதவத் தொறந்தாலும் எதுக்க நீங்க உக்காந்திருந்தீங்களாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாத் தூங்கினேன்னு போன் போட்டுச் சொல்லியிருக்கார்.”

“தாடி?” என்று கேட்டேன்.

“வழியனுப்பச் சொன்னா கரண்ட அணைச்சிட்டாரேன்னு அதச் சொல்லித்தான் வழியெல்லாம் சிரிச்சாராம். விடுதிப் பின்கட்டுல பூட்டிக் கெடக்குதே கீழ்வீடு, அத உங்களுக்குக் குடுக்கலாம்னு இருந்தார் முதலாளி. ஆன்ட்டிக்கு மாடிப்படி ஆகாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.”

சமையலறையில் அதுவரை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது. அந்தப் பெண் போன பிறகு உங்கள் அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் உடனே எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது என்றேன். “மாப்பிள்ளைய எதுக்கு இழுக்கிறீங்க? தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? கீழ்வீடா ஒரு வீடு பாக்குறேன் பாக்குறேன்னு எத்தன நாளா சொல்றீங்க, வீட்டப் பாத்துக்கிட்டா நிக்கிறீங்க? டாக்டரப் பாக்கணும்னு நான் சொன்னா அவர் போட்டோவக் காட்டுவீங்களா?” என்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அந்தப் படிகளை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறாள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம்தான். எந்த மொழியில் கேட்பது? ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் யார் முகத்தில் பாதித் தாடி நிற்குமோ.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களே, இதுவே என் முடிவு. இனி இந்த ஆயுளில் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேச மாட்டேன். தாங்களும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நாம் இருவரும் பழையபடி வெயில், மழை, உடம்பு சௌகரியம் இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம். உறவு நீடிக்க அதுதான் நல்லது.

தங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். குறைவில்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்னமும் மரியாதை வைத்திருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முதலாளியே மூச்சு வாங்க மாடி ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்றபடி வெகு நேரம் பேசினார். இந்தத் தடவை சீ ஒன்றுகூட இல்லை, வாய்க்கு வாய் ‘கெட்’ என்றார். காதுக்கு நல்ல சொல்லாகப் படவில்லை, ஆனால் முகம் சிரித்தபடிதான் இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் ‘எஸ் சார்’ என்று சொல்லிவிட்டேன். போகும்போது சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். அதில் பழைய சாவிகளோடு நான் இதுவரை கண்டிராத சாவி ஒன்று தொங்குகிறது. உங்கள் அத்தை என்னைக் கேட்காமலே பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். ‘கெட்’ என்றால் என்ன என்று அதற்குள் எழுதவும். அவ்ளோதான் மாமா என்று மட்டும் எழுத வேண்டாம். எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் வேண்டும், தாள் போதாவிட்டால் இரண்டு உறைகளில் அனுப்பவும்.