மூக்கம்மாள் தரப்பு

கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் இருந்த மூக்கம்மாளின் டீக்கடை பட்டப்பகலில் எரிந்தது. எரித்தவர் விஜய்பாண்டி. அவருடைய பிறந்தநாள் பேனர் கடை வாசலை முழுதாக மறைத்திருந்தது. ஆட்கள் உள்ளே வர வேண்டுமே என்று மூக்கம்மாள் கத்தியால் கிழித்து ஒரு வழி செய்தார். அந்த வழி விஜய்பாண்டியின் வயிற்றில் அமைந்துவிட்டது. அதனால் விஜய்பாண்டி கேனில் பெட்ரோலோடு வந்தார்.

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்தார்கள். பாதிப் பேர் செல்போனில் படமும் எடுத்தார்கள். ஆகவே இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

‘பள்ளத்தாக்கு முரசு’ நிருபர் நாகஜோதி அல்லிநகரம் அலுவலகத்துக்கு வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரியே எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் பலவேசம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, ஊரைக் கொளுத்தப் பாக்குறியா?”

“நான் எங்க சார் கொளுத்துனேன்? கொளுத்துனது விஜய்பாண்டி.”

“பேரைப் போட்டா அவர் எந்த ஆளுகன்னு தெரிஞ்சிரும். அவர் ஆளுக எந்திரிப்பாக. உடனே அந்தம்மா ஆளுக எந்திரிப்பாக. நாளைக்குக் குமுளிக்கு பஸ் ஓடாது.”

“அந்தம்மாவுக்கு ஆளே கிடையாது சார். புருசன் இல்ல, பிள்ளை இல்ல. ஒத்தையில டீ ஆத்திப் பொழைக்கிறாக. எரிச்சது யாருன்னு பேப்பர்ல வந்தாத்தான் போலீஸ்ல கேப்பாகன்னு நம்பி இருக்காக.”

பலவேசம் கெட்டவர் அல்ல. சில வருடங்களுக்கு முன் அவர் ஒரு செய்தியில் பெயர்களை அப்படியே போட்டார். செய்தி உண்மைதான். அதற்குப் பிறகு எரிந்த வீடுகளும் உண்மைதான். அன்றிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைக் கணினியில் தயாராக வைத்திருந்தார். கொலையோ கல்வீச்சோ, எது நடந்தாலும் ஒரு பொத்தானைத் தட்டினால் அது வந்து விழும்.

மறுநாள் அது விழுந்தது: ‘கூடலூரில் இரு தரப்பினர் மோதல். டீக்கடை சேதம்.’

இதை முதலில் படித்தவர் பதற்றத் தடுப்புப் பிரிவு அலுவலர் கருத்தக்கண்ணன். இரு தரப்பு என்றால் இரண்டு வழக்குப் போட வேண்டும் என்பது அப்பிரிவின் நடைமுறை. விஜய்பாண்டி மீது, எரித்ததைச் சொல்லாமல், ‘மோதல்’ என்று ஒன்று போட்டாயிற்று. மூக்கம்மாள் மீது என்ன போடுவது என்று நெடுநேரம் யோசித்து, ‘தனக்குச் சொந்தமான தீயின் புகையால் எதிர்த்தரப்பினருக்கு இருமல் ஏற்படுத்தியது’ என்று போட்டார்.

பிறகு இரு தரப்பையும் சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தார். விஜய்பாண்டி நாலு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். மூக்கம்மாள் டவுன் பஸ்ஸில் வந்தார்.

“உங்க தரப்பு எங்கம்மா?”

“நான்தான்யா.”

“நீங்க ஒரு ஆளு. தரப்புன்னா பத்துப் பேராவது வேணும். இல்லாட்டி சமாதானம் செல்லாது.”

“எனக்குச் சமாதானம் வேணாங்கய்யா. எரிச்சது இன்னாருன்னு எழுதிக்கிட்டீகன்னா போதும். அந்தா உக்காந்திருக்காரு.”

விஜய்பாண்டி மரியாதையாகக் கையைக்கூடத் தூக்கிக் காட்டினார்.

“இப்படிப் பேசுறதுக்குப் பேருதாம்மா பதற்றம்” என்றார் கருத்தக்கண்ணன். “போயிட்டுத் தரப்போட வாங்க.”

மூக்கம்மாள் ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். சாட்சி சொல்ல வரச் சொன்னபோது எல்லோருக்கும் தோட்டத்தில் வேலை இருந்தது. தரப்புக்கு ஆள் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. விஜய்பாண்டியைப் பிடிக்காதவர்கள் வந்தார்கள். விஜய்பாண்டியின் ஆட்களைப் பிடிக்காதவர்கள் வந்தார்கள். கம்பத்திலிருந்து முத்துராஜா என்பவர் தலைவராகவே வந்து சேர்ந்தார். அவர் முதல் வேலையாக, எரிந்த கடைக்கு முன்னால் விஜய்பாண்டியுடையதைவிடப் பெரிய பேனர் வைத்தார். அதன் கீழ் மூலையில் மூக்கம்மாளின் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது.

“யண்ணே, நான் டீக்கடைதான போடணும்னேன்?” என்றார் மூக்கம்மாள்.

“ஆத்தா, நீங்க சும்மா இருங்க. இது இப்ப உங்க பிரச்சினை இல்ல” என்றார் முத்துராஜா.

அடுத்த வாரம் இரண்டு பேனர்களும் கிழிந்தன. இருபுறமும் மண்டைகள் உடைந்தன. குமுளிக்கு பஸ் ஓடவில்லை.

“பாத்தியாம்மா?” என்றார் பலவேசம், பதறிப்போய். “பேரைப் போடாதப்பவே இப்படி. போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“விஜய்பாண்டி உள்ள போயிருப்பாரு சார்.”

“உனக்கு அனுபவம் பத்தல” என்றார் பலவேசம்.

இப்போது தரப்புகள் இரண்டும் விதிப்படி இருந்ததால் சமாதானம் ஒரே மணி நேரத்தில் முடிந்தது. தீ இரு பக்கமும் சமமாகப் பற்றியதாக இரு தலைவர்களும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்கள். கடையைப் பொதுச் செலவில் கட்டித் தருவது என்றும், இனி மோதல் வராதிருக்க அதற்கு இரண்டு வாசல், இரண்டு பெஞ்சு, இரண்டு வகைக் கிளாஸ் வைப்பது என்றும் முடிவானது. தானாக இப்படிக் கிளாஸைப் பிரித்து வைக்கிற கடைக்காரரைச் சட்டப்படி பிடித்து உள்ளே போடுவார்கள். இது அமைதிக்காகச் செய்யப்படுவதால் திறப்பு விழாவுக்குக் கருத்தக்கண்ணனே வந்து ரிப்பன் வெட்டினார்.

பலவேசமும் நாகஜோதியும் போயிருந்தார்கள்.

“சாருக்கு எந்தக் கிளாஸ்ல டீ?” என்று கேட்டார் மூக்கம்மாள்.

“நான் பத்திரிகைக்காரன் ஆத்தா. நடுநிலை.”

“நடுநிலைக்குக் கிளாஸ் குடுக்கலியே சார். இங்கன கோடு போட்டது, அங்கன கோடு போடாதது. ரெண்டுதான் குடுத்திருக்காக.”

பலவேசம் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். டீ வாசனை நன்றாக இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். பிறகு போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று முழுவதும் கடையில் நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் ‘பள்ளத்தாக்கு முரசு’ வாசகர்கள்; பெயர் இல்லாத செய்தியை மட்டுமே படித்தவர்கள். ஆனாலும் தான் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.