காதர் நானாவிடம் நான் வாங்கிய பூட்டு

பயந்தவன் ரவுடித்தனம் செய்யக் கூடாது. செய்தால் என்னைப் போல, ஹட்டன் டவுனில் பட்டப்பகலில், சொந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முருகனைக் கூப்பிட வேண்டிவரும்.

எங்கள் கடையறையை அப்பா காதர் நானாவுக்கு வாய்வார்த்தையாக வாடகைக்குக் கொடுத்திருந்தார். துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நானா அதில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். அப்பா போன பிறகு, அங்கே போன் திருத்தும் கடை போட எனக்கு ஆசை. ஆசை என்ன, கட்டாயம். இறம்பொடையில் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார், "மாப்பிள்ளைக்குன்னு ஒரு கடை இருக்கட்டுங்க, அப்புறம் நாள் குறிப்போம்" என்றுவிட்டார்கள்.

நானாவிடம் கேட்டால், "பாப்போம் தம்பி" என்று தேத்தண்ணி கொடுப்பார். வழக்கறிஞரோ, எழுத்து இல்லாவிட்டாலும் வழக்குப் போட்டுத்தான் அவரை வெளியேற்ற வேண்டும் என்றார். (வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண் பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.)

மாமாதான் வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போனா கடையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பூட்டைப் போடு. சாவியை நான் கொண்டுபோயிடுறேன். பொலிஸ் கேட்டா எங்கிட்ட சாவியே இல்லன்னு சொல்லு."

பூட்டை எங்கே வாங்கினேன் என்கிறீர்கள்? நானாவிடம்தான். வேறு கடையில் வாங்கினால் அவர் கோபித்துக்கொள்வாரே என்று பயம்!

"பாரமான கதவா தம்பி?"

"ஆமாங்க நானா."

இருப்பதிலேயே கெட்டியானதை எடுத்துக் கொடுத்தார்.

ஜும்மா நேரம் கடைக்கதவு சாத்திக் கிடந்தது. பூட்டைப் போட்டேன். மாமா சாவிகளோடு நுவரெலியா பஸ்ஸில் ஏறிப் போனார். அப்போது உள்ளே யாரோ இருமினார்கள்.

"யாரது? கதவு தெறக்குதில்லையே! காய்ச்சல்னு தொழப் பள்ளிக்குப் போகாமப் படுத்தீக்கிறேன்."

நானாவின் குரலேதான். மாமாவின் போனுக்கு சிக்னல் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் தொழுகை முடிந்து தெருவே திரும்பி வரும். காய்ச்சல்கார மனிதரை நான் அடைத்து வைத்திருப்பதைப் பார்க்கும். கல்யாணம் கிடக்கட்டும், முதுகு மிஞ்சுமா? அதைவிட, உள்ளே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நானா... நான்தாங்க பூட்டினேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"காலைல எங்கிட்ட வாங்கின பூட்டா?"

"ஆமாங்க. சாவி மாமாகிட்ட போயிருச்சு."

"அப்ப ஒடைக்க ஏலாது. நல்ல சாமான்."

கதவின் அடியிலிருந்து இரும்பறுக்கும் பிளேட் ஒன்று வெளியே வந்தது. "அறுங்க. கடையை விட்டு வெளிய போகச் சொல்ற ஆள், வெளிய போற வழியை அடைக்கலாமா தம்பி?"

அழுதுகொண்டே அறுத்தேன். பாதிப் பூட்டு அறுபடுவதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "என்ன நடக்குது இங்க?" என்று ஒரு கனத்த குரல். உள்ளேயிருந்து நானாதான் பதில் சொன்னார். "ஒண்ணுமில்ல. பூட்டு எறுகிப்போச்சு. தம்பி தெறந்து தாறாரு."

அந்தக் கடையில் இன்றும் நானாதான் இருக்கிறார். வாசல் பக்கம் ஒரு மூலையை ஒதுக்கி, என் போன் கடைக்குக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் இறம்பொடையில் பெண் கொடுத்தார்கள். ஆக, என் சொந்தக் கட்டடத்தில் எழுத்தில்லாமல் குடியிருப்பவன் இப்போது நான்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, கடையில் இருக்கும் என்னிடம் நானா பூட்டைத் தருவார். சாப்பாடு கொண்டுவரும் என் மனைவி அவரை முந்திக்கொள்வாள்: "உள்ள ஆள் இருக்கான்னு பாத்துப் பூட்டுங்க."