கப்பல் சீட்டைக் கவிழ்த்த நாள்

கையில் ஒன்றுமே இல்லாமல், எல்லாம் இருப்பதுபோல் உட்காரத் தெரிந்தவர் இந்தக் காவிரிப் பாசனத்தில், கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் தேடினாலும், ஒரே ஒருவர்தான். எங்கள் ஊர்க் கப்பல்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. மீசை முளைக்கிற வயதில் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர், அது நரைத்த பிறகுதான் குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினார். கப்பலில் என்ன வேலை என்று கேட்டால், கேப்டனுக்கு நேர் கீழே என்பார். கேப்டன் அறைக்கு நேர் கீழே இருந்தது சமையல்கட்டு என்பது எங்களுக்குத் தெரிவதற்குள் அவருக்கு ஊரில் பாதி கேப்டன் மரியாதை வந்துவிட்டது.

நான் அவருக்கு நேர் எதிர். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுகிற பாடத்தை மட்டும் விடாமல் வீட்டிலிருந்தே படித்து முடித்தேன். மழை பெய்தால் பயிர் அழுகுமே என்று கவலை. பெய்யாவிட்டால் காயுமே என்று கவலை. எல்லாம் நன்றாக இருந்தால், இப்படியே எத்தனை நாள் இருக்கும் என்று கவலை. டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். செக்கர் ஏறினால் எனக்கு வேர்க்கும். அவரும் மற்றவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம்தான் வருவார்.

இப்படிப்பட்ட என்னை ஏன் கப்பல் எங்கே போனாலும் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. பக்கத்தில் நான் நின்றால் அவர் இன்னும் தைரியசாலியாகத் தெரிந்தார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒருமுறை திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் சாம்பார் ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது, அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம். எங்கள் மண்டபம் அடுத்த தெருவில். எழுந்துவிடலாம் அண்ணே என்று நான் கெஞ்ச, கப்பல் ரசத்துக்குக் கை காட்டினார். அதற்குள் பட்டுவேட்டிக்காரர் ஒருவர் வந்து பணிவாகத்தான் கேட்டார்.

"ஐயா, நீங்க மாப்பிள்ளை வீட்டுல...?"

கப்பல் சாப்பிடுவதை நிறுத்தினார். நிமிர்ந்தார். பெற்ற பிள்ளையே முகம் மறந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை.

"என்னைத் தெரியலயா உங்களுக்கு?"

அந்த மனிதர் ஆடிப்போய்விட்டார். மன்னிப்புக் கேட்டு, எங்கள் இலைக்கு இரண்டாம் முறை பாயசம் வரவழைத்தார். நான் கை கழுவுகிற சாக்கில் ஓடிவந்து தேரடியில் நின்றேன். கப்பல் மணமக்களை ஆசீர்வதித்து, குடும்பப் படத்தில் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, தாம்பூலப் பையோடு வந்தார்.

"தம்பி, புளுக ஆரம்பிச்சா கரை சேர்ற வரைக்கும் புளுகணும். நடு ஆத்துல நிறுத்துனா ரெண்டு கரையும் நமக்கு இல்ல," என்றார். எனக்குச் சாம்பாரோடு நின்றுபோன வயிறு இரைந்துகொண்டிருந்தது.

இந்த மனிதர்தான் எங்கள் ஊருக்குப் போக்கரைக் கொண்டுவந்தார். அதுவரை எங்களுக்குத் தெரிந்தது ரம்மி. போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. எல்லாம் சேர்த்து யார் கை பெரியதோ அவர் ஜெயித்தவர். ஆனால் சூட்சுமம் வேறு. என் கை பெரியது என்று எதிராளியை நம்பவைத்து, சீட்டைத் திருப்பிக் காட்டும் கடைசி நொடிக்குள் அவன் பயந்து தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டால் போதும். எதையும் காட்ட வேண்டியதில்லை, நடுவில் கிடப்பதெல்லாம் எனக்கு. கிடப்பது என்றால் காசு இல்லை, புளியங்கொட்டை. வீட்டிலிருந்து யாரும் மடியில் கட்டி வந்துவிடக்கூடாது என்று, தன் வீட்டுக் கேட்டுக்கு அடித்த மிச்ச நீலப் பெயிண்டைக் கொட்டைகளுக்கு அடித்துவைத்திருந்தார் கப்பல்.

கப்பல் சீட்டைக் கவிழ்த்து யாரும் பார்த்ததில்லை. கவிழ்ப்பது எப்போதும் நாங்கள்தான்.

விளையாட்டாக இருந்த இந்தப் போக்கர் எங்கள் ஊரின் சட்டமானதற்கு அறுப்பு மிஷின்தான் காரணம். தை மாதம் சம்பா அறுப்புக்குச் சேலம் பக்கத்திலிருந்து மிஷின் வரும். யார் வயலில் முதலில் இறங்குவது என்று வருஷா வருஷம் சண்டை. கப்பல்தான் வழி சொன்னார். முதல் வயல் யாருக்கு என்பதைப் போக்கர் போட்டி தீர்மானிக்கட்டும். அதற்குப் பிறகு வாய்க்கால் வரிசைப்படி தலைமடையிலிருந்து கடைமடை வரை மிஷின் போகட்டும். ஒருமுறை ரைஸ்மில்காரர் ஜெயித்து, முறையை மச்சானுக்குத் தாரை வார்க்க, அதில் இரண்டு சட்டை கிழிந்தது. ஜெயித்தவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அவன் வயலில்தான் மிஷின் இறங்க வேண்டும் என்று அதற்கும் கப்பலே ஒரு விதி போட்டார்.

நான் சொல்ல வந்த வருஷம், ஐப்பசி மழையில் எல்லோர் வயலிலும் தண்ணீர் நின்றது. தன் வயலில் மட்டும் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை, தான் மட்டம் பார்த்த லட்சணம் அப்படி என்று கப்பல் டீக்கடையில் அறிவித்தார். அவர் வயல் வடிகாலுக்கு அந்தப் பக்கம் கடைசியாக இருந்தது. ரோட்டில் நின்று பார்த்தால் ஓரம் மட்டும்தான் தெரியும். ஓரத்தில் பயிர் ஜோராகத்தான் நின்றது. நம்பினோம்.

என் வயல் வடிகாலுக்கு இந்தப் பக்கம், அதுவும் கடைமடை, அதுவும் குத்தகை. தை பிறந்ததும் கதிர் முற்றி, பாரம் தாங்காமல் படுத்துவிட்டது. அதே சமயம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செல்போனில் செய்தி. படுத்த கதிர் நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும். வாய்க்கால் வரிசைப்படி மிஷின் என்னிடம் வரும்போது நான் நெல் அறுக்க மாட்டேன், நாற்றுப் பறிப்பேன். எனக்கு இருந்த ஒரே வழி போட்டியில் ஜெயிப்பது. நான் ஜெயிப்பதைவிடப் புயல் திசைமாறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

பால் சொசைட்டி ஷெட்டில் மத்தியானம் போட்டி நடந்தது. மிஷின் வெளியே ரோட்டோரம் நின்றது. நான் என் பாணியில் ஆடினேன். அதாவது, ஆடவில்லை. சீட்டைப் பார்ப்பேன், வேர்க்கும், கவிழ்த்துவிடுவேன். நல்ல சீட்டு வந்தாலும் அதே வேர்வைதான் என்பதால், நான் எப்போதாவது கொட்டை வைத்தபோது யாராலும் என் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு வெளியேற, நான் சுவரோரம் ஒட்டிய பல்லி மாதிரி தப்பிக்கொண்டே வந்தேன்.

கப்பல் அன்றைக்குச் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை. எடுத்த எடுப்பில் எல்லாக் கொட்டையையும் நடுவில் தள்ளுவார். எதிரில் இருப்பவர்கள் நடுங்கிப்போய்க் கவிழ்ப்பார்கள். ரைஸ்மில்காரர் ஜோடி ராணியைக் கையில் வைத்துக்கொண்டே கவிழ்த்தார். ஒவ்வொரு தடவை கொட்டை வந்து குவியும்போதும் கப்பலின் முகம் கொஞ்சம் சுருங்கியது. எங்களையெல்லாம் ஆளாகவே மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவரும் நானும். அவர் முன்னால் நீல மலை. என் முன்னால் ஒரு சின்ன மேடு. அவர் தள்ளத் தள்ள நான் கவிழ்த்தேன், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கட்டாயமாக வைக்க வேண்டிய கொட்டையிலேயே மேடு கரைந்தது.

"தம்பி, ஒரு தடவையாவது வாயேன்டா," என்றார் கப்பல். குரலில் ஒரு அலுப்பு.

அப்போது என் மனைவி போனில் வந்தாள். என் போனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, ஷெட்டே கேட்கும்.

"ஏங்க, கெழக்க கருத்துக்கிட்டு வருது. ஜெயிச்சாச்சா இல்லயா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். என் வாய், ஆச்சு என்றது.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு எட்டியது. புதுச் சீட்டு வந்தது. ஏழு, ரெண்டு. போக்கரில் இதைவிடக் கேவலமான கை கிடையாது என்று கப்பலே பாடம் நடத்தியிருக்கிறார். வழக்கப்படி கவிழ்க்கக் கையைத் தூக்கினேன். ஜெயிச்சாச்சு என்ற வார்த்தை வீட்டில் உட்கார்ந்திருந்தது. கை தானாகக் கொஞ்சம் கொட்டையைத் தள்ளியது.

கப்பல் முதல்முறையாகத் தன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அவரும் அதே அளவு வைத்தார். நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு நாலு. என்னிடம் எதனோடும் எதுவும் சேரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவரும் கூடவே வந்தார். நாலாவது சீட்டும் எனக்கு உதவவில்லை. இதோடு நிறுத்திக்கொள் என்று மனசு சொன்னது. நிறுத்தினால் இதுவரை தள்ளியதும் போச்சு. தொடர்ந்தால் மிச்சமும் போச்சு. நடு ஆறு என்று அவர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

ஐந்தாவது சீட்டும் விழுந்தது. அதுவும் யாருக்கோ வந்த சீட்டு. கப்பல் அவர் மலையில் முக்கால்வாசியை அலுங்காமல் நடுவில் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். போன் மறுபடி அடித்தது.

"டிரெய்லர் வந்துருச்சு. தார்ப்பாயும் வந்துருச்சு. எங்க அண்ணன் நம்பவே இல்லீங்க. அவரு நெனச்சா செய்வாருன்னு நாந்தான் சொன்னேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கேட்ட முதல் தடவையே அது பொய்யாக இருந்தது. இடது கால் தையல் மிஷின் மிதிப்பது மாதிரி ஆட, காதுமடல் சுட, என்னிடம் இருந்த எல்லாக் கொட்டையையும் இரண்டு கையாலும் அணைத்து நடுவில் தள்ளினேன். அதில் இரண்டு கொட்டை உருண்டு அவர் மடியில் விழுந்தது.

கப்பல் என் காலைப் பார்த்தார். காதைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

பிறகு சீட்டைக் கவிழ்த்தார்.

ரைஸ்மில்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். கப்பல் கவிழ்த்துவிட்டது என்ற சேதி நான் எழுந்து நிற்பதற்குள் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. தன்னிடம் மீந்திருந்த கொட்டையையும் என் பக்கம் ஒதுக்கிவிட்டு, "போடா, மிஷின எறக்கு," என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் என் வயல் அறுத்தாகிவிட்டது. நெல் தார்ப்பாய்க்குள் போனது. விடியற்காலையில் மழை. தலைமடையில் பயிர் படுக்காமல் நின்றதால் அந்த வயல்காரர்கள் மழையைத் தாங்கிக்கொண்டார்கள். என்னால்தான் தாங்க முடியவில்லை. காரணம், சீட்டுக்கட்டை அடுக்கி வைக்கும்போது கப்பல் கவிழ்த்ததை நான் திருப்பிப் பார்த்துவிட்டேன். இரண்டும் ஆஸ், கட்டிலேயே பெரிய சீட்டு. அவர் கவிழ்த்திருக்கவே கூடாது.

எனக்காக விட்டுக்கொடுத்து, முற்றிய கதிரை மழையில் நிறுத்திவிட்டாரே என்று கவலை. மழை விட்டதும் வீட்டிலிருந்த அரிவாளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, கையாலாவது அறுத்துக் கொடுப்போம் என்று மூங்கில் பாலத்தைத் தாண்டி அவர் வயலுக்குப் போனேன்.

ஓரத்தில் மட்டும் கதிர் மஞ்சளாக நின்றது. உள்ளே போனால் பச்சை. அப்போதுதான் பால் பிடிக்கிற பயிர். அறுப்புக்கு இன்னும் ஒரு மாதமாவது இருந்தது. நடுவில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கப்பல் நின்றார்.

"அண்ணே, ஐப்பசியில தண்ணி நிக்கலன்னீங்களே?"

"மொத்தமும் அழுகிப் போச்சுடா. ஓரத்த விட்டுட்டு உள்ள மறுபடி நட்டேன். டீக்கடையில சொன்ன சொல்லு என்னாவுறது?"

எனக்கு மெல்ல விளங்கியது. ஜெயித்திருந்தால் அவர் போட்ட விதிப்படி அவர் வயலில்தான் மிஷின் இறங்கியிருக்கும். ஊரே கூடி நின்று பச்சைப் பயிரைப் பார்த்திருக்கும். போட்டிக்கு வராவிட்டாலும் சந்தேகம். வந்த இடத்தில் தோற்றுப்போகலாம் என்று சீட்டைக்கூடப் பார்க்காமல் தள்ளினால், ஒருவனுக்காவது எதிர்த்து ஆடத் தைரியம் இல்லை. பெருங்கோழையாக நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தோக்குறதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டேன்டா. நீ விட்டாத்தான," என்றார்.

வடிகாலில் மழைத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. தலையில் கிடந்த துண்டை எடுத்துப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஆமா, உங்கிட்ட பெருசா ஏதோ இருந்துச்சுல்ல? அதான் நான் கவுத்தேன்."

"கையில ரெண்டு ராஜாண்ணே. நடுவுல ஒன்னு கெடந்துச்சுல்ல, மொத்தம் மூணு."

"அதான பாத்தேன்," என்றார்.

இன்றைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் அவருக்கு அந்தக் கேள்வி வந்துவிடும். நானும் இரண்டு ராஜா என்றே சொல்கிறேன். சொல்லும்போது என் கால் ஆடும், காது சுடும். பஸ் கண்டக்டர் வரைக்கும் யார் முகத்தையும் படிக்கத் தெரிந்த மனிதர், அந்த ஒரு நேரம் மட்டும் என் பக்கம் திரும்பாமல் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.